சொன்ன வாய்க்குப் பாதி

ஆறுதல்புரத்துக்கு அந்தப் பேரை வைத்த வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார், செத்துப்போன மனுசரைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஆனால் செம்மணல் மேடான தேரிக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஊரில், வானத்தை முட்டுகிற கோயில் கோபுரத்தின் நிழலில், ஆறுதல் என்பது வாயில் பிறந்து காற்றில் கரைகிற ஒரு சொல்லாகத்தான் இருந்துவந்தது. பல் வலிக்கிறதா, ஜெபிக்கிறேன். கறவை மாடு செத்துப்போச்சா, ஜெபிக்கிறேன். மகள் புருசனை விட்டுட்டு வந்துட்டாளா, ஐயோ பாவம், கட்டாயம் ஜெபிக்கிறேன். சொல்லிவிட்டு முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய் மீன்குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நல்லாத் தூக்கம் வரும். வாய்க்கு என்ன வாடகையா கொடுக்கிறோம்?

ஞானப்பூவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உச்சந்தலை பற்றி எரியும். எரியாதா பின்னே? அவள் புருசன் தேவஇரக்கம் வெள்ளையடிக்கிறவன். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்குக் கோபுரத்தை வெள்ளையடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, ஆண்டவர் வீட்டுக்குக் கூலி வாங்கினால் கை விளங்குமா என்று அவனாகவே முன்வந்து நின்றான். ஏறுவதற்கு முன்னால் சாரம் கட்டியிருந்த கம்பை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "சார்வாள், இது உளுத்த கம்பு. தட்டினா மாவு கொட்டுது" என்று கோயில் செயலாளரிடம் சொன்னான். செயலாளர் வேதமாணிக்கம் சார்வாள் ரிட்டையர்டான தலைமையாசிரியர், ஊரில் பாதிப்பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவர், அவர் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. "கோயில் வேலைக்கு ஏறுதவனைக் கர்த்தர் பார்த்துக்கிடுவார், ஏறுடே" என்றார். ஏறினான். உச்சியில், சிலுவைக்குச் சற்றுக் கீழே, கம்பு முறிந்தது. விழுந்தவனுக்கு உயிர் மிஞ்சியது, முதுகெலும்பு மிஞ்சவில்லை.

அன்றைக்குப் பிடித்தது ஊர் ஜெபம். ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்தார்கள், கட்டிலைச் சுற்றி நின்றார்கள், ஜெபிக்கிறோம் ஜெபிக்கிறோம் என்றார்கள், போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அவனைப் புரட்டிப் போட, பீ மூத்திரம் எடுக்க, முதுகுப்புண்ணுக்கு மருந்து வைக்க, நடுவில் வயிற்றுப்பாட்டுக்கு மடியில் சுளவு முறத்தை வைத்துப் பீடி சுற்ற, சுற்றுகிறபோதே "ஏட்டி" என்று அவன் முனகினால் சுளவைப் போட்டுவிட்டு ஓட என்று எல்லாவற்றுக்கும் ஞானப்பூ ஒருத்திதான். "நீ செத்த நேரம் உக்காந்து சோறு தின்னு, அதுவரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு நாதி வந்து சொன்னது கிடையாது. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு வருசக்கணக்காயிற்று. அடுப்படியில் நின்றபடிக்கு நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள், ஐந்தாவது வாய்க்குள் அவன் கூப்பிட்டுவிடுவான்.

அவனோ கோபமே வராத பிறவி. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாலும், "கோவப்படாதட்டி, ஆண்டவர் கூடத்தான இருக்காரு" என்பான்.

"இருக்காருன்னா வந்து ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லுங்க. ஒங்களப் புரட்டிப் போடணும்" என்பாள் ஞானப்பூ.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பீடி சுற்றுகிற ரத்தினபாய் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஐயரம்மாவிடம் போனாள். ஐயரம்மா என்றால் போதகரின் சம்சாரம். அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். "கடவாய்ப்பல்லு உயிர் போகுதும்மா" என்றாள் ரத்தினபாய். "ஜெபிச்சுக்கிடுதேன்மா" என்றார் ஐயரம்மா, பார்வையெல்லாம் வேறு யாரோ கட்டியிருந்த பட்டுச்சேலை மேல். சொல்லி வாயை மூடவில்லை, அவருடைய கடவாய்ப்பல்லில், அதே இடது பக்கம், அதே கீழ்வரிசையில், ஆணி இறங்கியதுபோல வலி இறங்கியது. ரத்தினபாய்க்கு வலி பாதியாகக் குறைந்தது. அவள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், ஐயரம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்தது வேதமாணிக்கம் சார்வாள். ஓட்டுவீட்டு விதவை ஒருத்தி, கூரை ஒழுகுது, சட்டி வைக்க இடமில்லை என்று அழ, "ஜெபிக்கிறேன், போ" என்று விட்டார். அன்றைக்கு மழையில் அவருடைய புத்தம்புதுக் கான்கிரீட் மாடி ஒழுகியது. எஞ்சினியர் வந்து தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு விரிசலும் இல்லை என்று சத்தியம் பண்ணினார், அவர் தலையிலேயே சொட்டு விழுந்தது. விதவை வீட்டில் அன்றிலிருந்து பாதிச் சட்டிதான் தேவைப்பட்டது. இப்படி ஒன்று, இரண்டு, பத்து என்று ஊர் முழுக்க நடந்த பிறகு சங்கதி வெளிச்சமாயிற்று: எவன் ஒருவன் இன்னொருவனிடம் உனக்காக ஜெபிக்கிறேன் என்று சொன்னாலும், அந்த மற்றவனுடைய உபத்திரவத்தில் சரிபாதி, சொன்ன வாய்க்காரனுக்கு வந்து சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் சேர்த்தி இல்லை. ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். மழை ஏன் பெய்கிறது என்று ஆறுதல்புரத்தில் யாரும் கேட்டதில்லை, யார் வீடு ஒழுகுகிறது என்றுதான் கேட்பார்கள்.

"அப்ப சொல்லாம இருக்க வேண்டியதுதானவே" என்று டீக்கடை இசக்கி பாய்லரைத் துடைத்தபடி சொன்னான். அவன் கோயிலுக்குப் போகாதவன், ஆனாலும் ஊர் அவன் சொல்லைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

அடடா, அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த ஊரின் வாயை! கம்பு முறிந்தபோதுகூட அப்படி ஒரு அமைதி வந்ததில்லை. 'நினைச்சுக்கிடுதேன்' என்றார்கள், 'பார்ப்போம்' என்றார்கள், 'ம்ம்' என்றார்கள். துபாயிலிருந்து ஒருத்தன் சித்தப்பாவின் மூட்டுவலிக்கு வாட்ஸப்பில் கும்பிடுகிற கைப்படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அங்கே லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நொண்டி நொண்டி ஏறினான். அன்றையிலிருந்து குடும்ப குரூப்பில் பூப்படம் மட்டும்தான் வரும். ஆராதனையில் "சகல வியாதியஸ்தருக்காகவும்" என்கிற வரி வந்ததும் ஐயருக்கு இருமல் வந்துவிடும், இருமிக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்டால் சபை முழுக்கத் தன் கால்விரலை எண்ணிக்கொண்டிருக்கும். கஷ்டப்பட்டவன் எதிரே வந்தால் சந்து மாறிப் போனார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, தெரிந்துவிட்டது, தெரிந்ததும் ஓடிவிட்டார்கள்.

ஓடாமல் இருந்தது பீடி சுற்றுகிற பெண்கள்தான். அவர்களுக்கு ஓட நேரமில்லை. ரத்தினபாய் வீட்டுச் சாய்ப்புக் கொட்டகையில் வட்டமாக உட்கார்ந்து இலையை வெட்டிக்கொண்டே, "ஏட்டி, என் தலைவலிக்கு நீ சொல்லு, உன் இடுப்புக்கு நான் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார்கள். ஒருத்தி தலைவலியை அவள் பக்கத்துக்காரி பாதி வாங்க, அதில் பாதியை அடுத்தவள் வாங்க, அப்படியே வட்டம் சுற்றி வருவதற்குள் அது தலைவலியாக இல்லை, லேசான அரிப்பாகிவிட்டது. ஒருத்திக்கு மாமியார் கொடுமை. அதை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டதில் எல்லார் மாமியாரும் கொஞ்சம் கொஞ்சம் திட்டினார்கள், அவள் மாமியார் மட்டும் திடீரென்று ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தாள். சிரித்துச் சிரித்து அவர்களுக்குப் புரையேறியது.

ஞானப்பூ அந்தச் சிரிப்பில் சேரவில்லை. சங்கதி வெளிச்சமான முதல் நாளே அவள் தேவஇரக்கத்தின் காதருகே குனிந்து, "ஒங்களுக்காக ஜெபிக்கேன்" என்று சொல்லியிருந்தாள். முதுகு இரண்டாகப் பிளந்தது. அப்படியே தரையில் விழுந்தவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். அடுப்பில் கஞ்சி தீய்ந்த வாசம் வந்தது. கட்டிலில் கிடந்தவன் அவளைப் பார்த்தான். "நீயும் விழுந்துட்டா ரெண்டுபேரையும் யாருட்டி தூக்குவா? ஒனக்காக ஜெபிக்கேன், ஜெபிக்கேன், ஜெபிக்கேன்" என்று விடாமல் சொல்லிச் சொல்லி, கொடுத்ததை எல்லாம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். அவள் எழுந்து தீய்ந்த கஞ்சியை இறக்கினாள். அன்றிலிருந்து அவளை அந்தச் சொல்லைச் சொல்ல அவன் விடவில்லை, அவளும் வேறு எவருக்கும் சொல்வதில்லை என்று வைராக்கியம் பண்ணிக்கொண்டாள்.

பீடிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "மைனி, நாங்க சொல்லுதோம். ஆளுக்குக் கொஞ்சம்" என்றாள் ரத்தினபாய்.

"பேசாமப் போங்கட்டி. இது தலைவலி இல்ல, ஒடஞ்ச எலும்பு. மொதல்ல சொல்லுதவளுக்குப் பாதி மொத்தமா இறங்கும். முதுகு போனா சுளவை எங்க வைப்ப? ஒங்க முதுகுலதான் ஒங்க வீட்டு அடுப்பு எரியுது" என்று அவர்களை வாசலோடு விரட்டினாள். அந்த முதல் பாதி யாருக்கு உரியது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால் அவள் சார்வாள் வீட்டு கேட்டைப் போய்த் தட்டினாள். ஆள் இல்லை என்று உள்ளேயிருந்து சார்வாள் குரலே சொன்னது. ஐயர் வீட்டைத் தட்டினாள், ஐயருக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். மளிகைக்கடை கோயில்பிள்ளை, சபைக் கமிட்டியில் பெரிய கை, அவளைத் தூரத்தில் பார்த்ததும் ஷட்டரை இழுத்துவிட்டான். ஞானப்பூ நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "ஓசியில கெடைச்சப்ப வாய் ஓயாமச் சொன்னீயளே! இப்ப எங்கலே போச்சு ஒங்க ஜெபம்? வெறும் வாயால வடை சுட்டுத் தின்னே வளந்த கூட்டமா நீங்க?" என்று கத்தினாள். தெருவில் ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. பிறகு கோபுரத்தை அண்ணாந்து பார்த்து அங்கேயும் கொஞ்சம் கத்தினாள், அங்கேயும் ஒரு பதிலும் வரவில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது. பண்டிகை என்றால் அசனம், அதாவது ஊரே கோயில் வளாகத்தில் ஒரே பந்தலின் கீழ் தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிற விருந்து. அன்றைக்குக் கோபமானவன், பேச்சுவார்த்தை இல்லாதவன், வழக்கு நடத்துகிறவன் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாக வேண்டும். கிடாரத்தில் சோறு மலையாக வெந்து ஆவி பறந்தது. இலை விரித்தாயிற்று. சார்வாள் வழக்கம்போல மைக்கைப் பிடித்து ஸ்தோத்திர ஜெபத்துக்குத் தொண்டையைச் செருமினார். அப்போது பந்தல் வாசலில் பீடிப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார்கள், கட்டிலில் தேவஇரக்கம் கிடந்தான், முன்னால் ஞானப்பூ வந்தாள். கிடாரத்துக்கும் மைக்குக்கும் நடுவில் கட்டிலை இறக்கினார்கள். பரிமாறுகிறவன் கையிலிருந்த அகப்பையை ஞானப்பூ பிடுங்கிக்கொண்டாள்.

"பண்டிகை அன்னைக்கு என்னட்டி கலாட்டா?" என்று கோயில்பிள்ளை எழுந்தான்.

"பண்டிகையா? எம்புருசன் கீழ விழுந்ததாலதான்வே ஒங்க கோபுரம் வெள்ளையா நிக்குது. உக்காரும்!" என்றாள். உட்கார்ந்தான்.

"சார்வாள், அன்னைக்குச் சொன்னீயள்லா, கர்த்தர் பார்த்துக்கிடுவார்னு? அவரு பார்த்த லெட்சணத்தை நான் தெனமும் பார்த்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு நீங்க பாருங்க. இந்த மனுசனுக்காக ஜெபிக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லாம இந்தச் சோத்துல அகப்பை இறங்காது."

சார்வாள் கையில் மைக் கீச்சென்று கத்தியது, அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஊருக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாயில் ஒரு சொல் வரவில்லை. கடைசியில் வந்தது அவள் கேட்டது அல்ல.

"அந்தக் கம்பு முறிஞ்ச சத்தம்" என்றார். "கண்ணை மூடினா கேக்குது. சாமி கும்பிட முடியல, சாப்பிட முடியல. நாந்தான் ஏறச் சொன்னேன். எனக்காக யாராவது... யாராவது ஜெபியுங்களேன்."

அந்தச் சங்கதி நடக்க ஆரம்பித்த பிறகு அந்த ஊரில் ஒருத்தரும் தனக்கென்று சபை முன்னால் வாய்விட்டு ஜெபம் கேட்டதில்லை. வரிசை வரிசையாக எல்லாரும் வெறும் இலையைப் பார்த்தார்கள். கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் ஜெபிக்கேன் சார்வாள்."

"அட கிறுக்கா!" ஞானப்பூ அகப்பையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தாள். "மூட்டையை இறக்கி வைக்கக் கொண்டுவந்தா, இன்னொரு மூட்டையை ஏத்திக்கிடுதீரே, ஒமக்குப் புத்தி இருக்கா?" அடங்கவே மாட்டாத கோபம் அவளுக்கு, கோபத்தில் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதுவும் அவளுக்குக் கோபமாக வந்தது.

தேவஇரக்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. விழுந்த அன்றைக்குக் கம்பு முறிந்ததை அவன் உடம்புதான் அறிந்தது, காது அறியவில்லை. இப்போது முதல் தடவையாக, கீழே நின்று அண்ணாந்து பார்த்தவனின் காதால் அதைக் கேட்டான், தான் விழுந்து வருவதைக் கீழேயிருந்து பார்த்தான். மூச்சு வாங்கிய பிறகு, மெல்ல, அவளிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னான்: "அவரும் இப்படித்தாம்ட்டி. பார்த்துக்கிடுதேன்னு சொல்லித்தான் அவரும் மாட்டிக்கிட்டாரு."

அவன் கண் போன திசையில் கோபுரத்துச் சிலுவை இருந்தது. ஞானப்பூ அங்கே பார்க்கவில்லை.

சார்வாள் மைக்கைக் கீழே வைத்தார். பாதி சத்தம் குறைந்த காதோடு நடந்துவந்து, கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைபோல எழுத்தெழுத்தாக, "தேவஇரக்கம், உனக்காக நான் ஜெபிக்கிறேன்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முதுகு மடங்கி, வேட்டி சட்டையோடு செம்மண்ணில் சரிந்தார். கட்டிலில் கிடந்தவன் முழங்கையை ஊன்றினான். தலை எழும்பியது, தோள் எழும்பியது.

பெரும்பாதி போன பிறகு மிச்சத்துக்கு அத்தனை பயமில்லை. ரத்தினபாய் சொன்னாள், பீடிப் பெண்கள் வரிசையாகச் சொன்னார்கள், ஓட்டுவீட்டு விதவை சொன்னாள், டீக்கடை இசக்கிகூட யாரும் கூப்பிடாமலே வந்து, "எனக்கு முறை தெரியாது, நானும் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். ஐயர் இருமாமல் சொன்னார். எல்லாரும் சொன்னார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், ஊர் ஊர்தான். பின்பக்கக் கேட் வழியாக, அண்டாவிலிருந்து கறியை மட்டும் இலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு நழுவினவர்களும் உண்டு. பேர் சொல்ல மாட்டேன், கோயில்பிள்ளைக்கே தெரியும். வாளியில் சாம்பார் வந்தபோது தேவஇரக்கம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான், வாங்கின சத்தம் மட்டும் அவ்வப்போது காதில் கேட்க, திடுக்கிட்டுத் திடுக்கிட்டுச் சிரித்தான்.

சார்வாள் மண்ணில் கிடந்தார். சொல்லக்கூடிய வாயெல்லாம் சொல்லித் தீர்ந்து, ஆளாளுக்கு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் ஞானப்பூவைப் பார்த்தார். "தாயி" என்றார். "எனக்காக..."

அவள் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். புருசன் கட்டிலில் கிடந்த ஒவ்வொரு நாளும், அடுப்படியில் நின்று தின்ற ஒவ்வொரு வாயும் அந்தப் பார்வையில் இருந்தது.

"பொறுங்க சார்வாள். மொதல்ல நான் சாப்பிடுதேன்."

உட்கார்ந்தாள். தரையில், இலைக்கு முன்னால், காலை நன்றாக மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தேவஇரக்கம் கட்டிலிலிருந்து கையை நீட்டி அவளிடமிருந்த அகப்பையை வாங்கி, ஆடுகிற கையோடு அவள் இலையில் சோற்றைப் போட்டான். அவள் சாப்பிட்டாள். சாம்பாருக்கு, கறிக்கு, ரசத்துக்கு, மறுசோறு வாங்கி மறுபடியும் கறிக்கு என்று அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள். ஐந்தாவது வாய் வந்தது, யாரும் கூப்பிடவில்லை. அந்த வாயை மென்று விழுங்க மட்டும் அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. சீக்கிரம் ஆகட்டும் என்று சொல்ல அந்தப் பந்தலில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் தலையைத் தூக்கிக் கோபுரத்துச் சிலுவையைப் பார்த்து, "ஒம்ம மேல உள்ள கோவம் இன்னும் தீரல, கேட்டீரா" என்றாள். பாயசம் குடித்து, இலையை மடித்து, பந்தலோரத்தில் போய்க் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

சார்வாளுக்கு நேராக நின்றாள். இரக்கம் வந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தாடை இறுகி, பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் சொல்லமாட்டேன் என்று அத்தனை நாள் பூட்டி வைத்திருந்ததை, வைதுவிடுவதுபோலச் சொன்னாள்.

"ஒங்களுக்காக ஜெபிக்கேன்."

வலி வந்து அவள் முதுகில் ஏறியது. புது வலி இல்லை, அவள் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பழகின வலிதான். காலை அகட்டி ஊன்றி நின்றுகொண்டு, கையை நீட்டினாள்.

"எந்திரிங்க சார்வாள். சோறு ஆறுது."